தீபாவளியை எந்தக் கதையோடு பகிர்வது?

ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் இந்தியப் பண்டிகைகளுக்குக் கிடைத்துவரும் அரசு அங்கீகாரத்தைப் பாராட்டித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வசித்து, இங்கேயே இரண்டு பிள்ளைகளை வளர்த்துவருபவள் என்ற முறையில் அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றை எழுத விரும்புகிறேன். தீபாவளிக்குப் பள்ளி விடுமுறை கிடைத்துவிட்டது; அந்த நாளைப் பற்றி அக்கம்பக்கத்தாரிடம் என்ன சொல்வது என்பதைத்தான் நாம் இன்னும் யோசிக்கவில்லை.

சட்டமன்ற உறுப்பினர் ஜெனிஃபர் ராஜ்குமார் உள்ளிட்ட பலரின் முயற்சியால், நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை அளிக்கும் சட்டத்தில் ஆளுநர் கேத்தி ஹோக்குல் 2023 நவம்பரில் கையெழுத்திட்டார். அச்சட்டத்தின்படி முதன்முதலாகப் பள்ளிகள் மூடப்பட்ட நாள் 2024 நவம்பர் 1. தமிழ்நாட்டிலோ தீபாவளி அதற்கு முந்தைய நாள், அக்டோபர் 31. எங்கள் வீட்டிலும் அன்றுதான். ஆகவே அந்த வியாழக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு இரண்டு பிள்ளைகளையும் எழுப்பி, கோலமிட்ட மணையில் உட்காரவைத்து, மிளகும் ஓமமும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்யை உச்சந்தலையில் வைத்துத் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, மஞ்சள் தடவிய புதுத்துணி உடுத்தி, லேகியம் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினேன். அன்று மாலையே, பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகச் செல்லும் ஹாலோவீன். அதற்கான வேடத்தையும் அவர்கள் போட்டுக்கொண்டார்கள். (2025இல் பள்ளி விடுமுறையும் நம் தீபாவளியும் அக்டோபர் 20 அன்று ஒன்றாகவே அமைந்தன.)

2024இன் அந்தத் தீபாவளி வாரத்தில் என் சின்னவனின் வகுப்பில் தீபாவளியைப் பற்றி ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். இராமர் அயோத்திக்குத் திரும்பியதால் மக்கள் விளக்கேற்றினார்கள் என்று அதில் இருந்தது. வீட்டுக்கு வந்தவன், "அம்மா, நாம தப்பா கொண்டாடிட்டோமா? அதுல நரகாசுரன் பேரே இல்லையே" என்று கேட்டான். ஆசிரியை மீது எனக்குக் குறையேதும் இல்லை. அவர் கையில் கிடைத்த புத்தகங்களில் இருந்ததைத்தான் அன்போடு சொல்லிக்கொடுத்தார். நாங்கள் எதையும் சொல்லாமல் இருந்ததுதான் குறை. பல ஆண்டுகளாகப் பெற்றோர் என்ற முறையில் நான் அந்தப் பள்ளிக்குக் கொடுத்ததெல்லாம் கடையில் வாங்கிய ஓர் இனிப்புப் பெட்டியும் மின்விளக்குச் சரமும் மட்டுமே.

இராமர் கதை நம்முடையதல்ல என்று நான் சொல்லவில்லை. வட இந்தியக் குடும்பங்களுக்கு அதுவே தீபாவளியின் உயிர். அதே அமாவாசையில் சமணர்கள் மகாவீரர் வீடுபேறு அடைந்ததை நினைக்கிறார்கள். சீக்கியர்கள் குரு ஹர்கோவிந்தர் சிறையிலிருந்து விடுதலையானதைக் கொண்டாடுகிறார்கள். வங்காளிகளுக்கு அது காளி பூஜை. குஜராத்தியருக்கு மறுநாள் புத்தாண்டு பிறக்கிறது. இவை அனைத்தையும் ஒன்றாகக் கரைத்து "இந்தியப் பண்பாடு" என்று ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கொடுக்கும்போது, கொடுப்பவருக்கும் ருசி தெரிவதில்லை, வாங்குபவருக்கும் தெரிவதில்லை. வெளிநாட்டில் வளரும் பிள்ளை தன் வீட்டில் நடப்பதைத் தானே சந்தேகிக்கத் தொடங்குவது இங்கேதான்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு கொரியப் பாட்டி இருக்கிறார். ஆண்டுதோறும் நான் கொடுக்கும் லட்டுப் பெட்டியை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, தலைகுனிந்து நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். அந்த ஆண்டு லட்டுக்குப் பதிலாக ஒரு சின்னக் கிண்ணத்தில் லேகியத்தைச் சின்னவனிடம் கொடுத்தனுப்பினேன். சுக்கு, மிளகு, அரிசித்திப்பிலி, ஓமம் எல்லாவற்றையும் வறுத்துப் பொடித்து, வெல்லப் பாகில் நெய்யும் நல்லெண்ணெய்யும் விட்டுக் கிளறியது. பண்டிகையன்று பலகாரம் தின்னும் வயிற்றுக்கு முதலில் மருந்து கொடுப்பது எங்கள் வழக்கம் என்று அவனே சொல்லியிருக்கிறான். நாக்கில் வைத்ததுமே சுக்கை அடையாளம் கண்டுகொண்டார் பாட்டி. மறுநாள் இஞ்சியும் இலந்தை வகைப் பழமும் தேனில் ஊறிய ஒரு ஜாடியோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அதைத் தன் அம்மா எப்படிச் செய்வார் என்று அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். லட்டுப் பெட்டிகள் இத்தனை ஆண்டுகளில் திறக்காத கதவு அது.

எங்கள் பகுதியில் ஃப்ளஷிங் பௌன் தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயிலும் எனக்கு இதையே உணர்த்துகிறது. செட்டிநாட்டைச் சேர்ந்தவரும் ஐ.நா. அதிகாரியுமான அழகப்பா அழகப்பன் முதலானோரின் உழைப்பால் உருவாகி, 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்கு கண்ட கோயில் அது. அமெரிக்காவில் இருக்கிறோமே என்று எதையும் பொதுவாக்காமல், நம் ஊர்க் கோயில்களைப் போலவே கருங்கல் சிற்பங்களோடு கட்டினார்கள். கோயிலின் கீழ்த்தளத்து உணவகத்தில் தோசைக்கு வரிசையில் நிற்பவர்களில் எல்லா நாட்டவரும் இருக்கிறார்கள். அந்தத் தெருவுக்குப் பெயர் தந்த ஜான் பௌன், குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரைத் தம் வீட்டில் கூடி வழிபட அனுமதித்ததற்காக 1662இல் கைதானவர். அவருடைய வீடு இன்றும் அதே தெருவில் இருக்கிறது. 2022இல் அத்தெருவுக்குக் கணேசர் கோயில் தெரு என்ற பெயரும் கூடுதலாகச் சூட்டப்பட்டது. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பழைய வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வரும் தீபாவளி மலரில், வெளிநாட்டு மேடைகளில் ஆடும் குழந்தைகளின் படங்களோடு, தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்து முதியவர்களும் தங்கள் வீட்டு வழக்கத்தை எழுதச் சில பக்கங்கள் ஒதுக்குங்கள். யார் முதலில் எண்ணெய் வைப்பார்கள், நோன்பு உண்டா, என்ன பலகாரம், லேகியத்தில் எதை எவ்வளவு சேர்ப்பார்கள் என்பதெல்லாம் அளவோடு வரட்டும். என் மாமியார் கைப்பிடியாலும் கண்ணளவாலும் செய்தார். நான் கேட்டு எழுதி வைப்பதற்குள் அவர் காலமாகிவிட்டார். அரிசித்திப்பிலி மட்டும் எனக்கு இன்றுவரை சரியாக அமையவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குவீன்ஸ், நியூயார்க்