ஹவர் மீட்டரைப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம். மழை இன்னும் விடவில்லை. அக்கா பிள்ளைக்குத் தையில் பீலிக்கான் கோயிலில் காது குத்தலாம் என்று பேச்சு நடக்கிறது. அம்மா நன்றாக இருக்கிறாள். இப்போதெல்லாம் கையில் கண்ணாடி வளையல்தான் போடுகிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

வைபரில் நான்கு தடவை கூப்பிட்டேன். மணி போகிறது, நீ எடுக்கவில்லை. வேலையாக இருப்பாய். அதனால்தான் சிங்கப்பூர் வருகிற டெய்லர் மகன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

வேறொரு நாட்டில் போன் டவர் வைத்து வாடகைக்கு விடுகிற கம்பெனியில் பணம் போடலாம் என்று பெரிய மாமாவுக்கு நீ அனுப்பிய டவர் கம்பெனி அறிக்கையை அவர் எனக்குக் காட்டினார். எனக்கு நீ அனுப்பவில்லை, பரவாயில்லை. கடையில் பிரிண்ட் எடுத்து இரண்டு தடவை படித்தேன். மாமாவுக்கு நீ ஒவ்வொரு பக்கமாக விளக்கிச் சொன்னாயாம். "உன் பிள்ளை பேங்க் மானேஜர் மாதிரி பேசுகிறான்" என்றார். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த விளக்கத்தை எனக்கும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருடம் டவர் அடியில் நின்றவன் நான்.

அந்த நாட்டில் போன் வைத்திருப்பவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோடு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நம் பர்மாவில் அதைவிட வேகமாகவே ஏறியது. 2013 ஏப்ரலில் 1,500 கியாட் சிம் வந்தபோது 3,50,000 சிம்மைக் குலுக்கல் போட்டுத்தான் கொடுத்தார்கள். அந்த ஜூனில் வெளிநாட்டுப் போன் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். தொண்ணூறு கம்பெனிக்கு மேல் விண்ணப்பித்து, நார்வேயின் டெலினாருக்கும் கத்தாரின் ஊரிடூவுக்கும் கிடைத்தது. 2014 ஆகஸ்டில் ஊரிடூ, செப்டம்பரில் டெலினார் சேவையைத் தொடங்கின. அதற்குப் பிறகு ரங்கூனில் மீன் விற்கிறவர் கையிலும் தொடுதிரை போன். கோடு போட்டவர்கள் சொன்னது அப்படியே நடந்தது.

பணம் போட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார். டெலினார் 15 வருட லைசென்ஸுக்கு மட்டும் 50 கோடி டாலர் கட்டியது. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மே மாதம் இங்கே போட்டிருந்த 650 கோடி நார்வே குரோனரை நஷ்டமாக எழுதினார்கள். ஜூலையில், ஒரு கோடியே எண்பது லட்சம் அளவில் வாடிக்கையாளர் இருந்த கம்பெனியை லெபனான்காரர்களுக்கு 10.5 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள். அன்றைக்கும் எல்லோர் கையிலும் போன் இருந்தது, பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். போன் பெருகுவது வேறு, போட்ட காசு பெருகுவது வேறு தம்பி. உன் அறிக்கையில் இரண்டையும் ஒரே கோட்டில் போட்டிருக்கிறார்கள்.

அரசியலை விடு. அது இல்லாவிட்டாலும் டாலர் கணக்கு இருக்கிறது. மக்கள் டாப்-அப் போடுவது உள்ளூர் காசில். டவருக்கும் கருவிக்கும் வாங்கிய கடன் டாலரில். 2014இல் ஒரு டாலர் ஆயிரம் கியாட் அளவில் இருந்தது. 2021 தொடக்கத்தில் 1,330. 2022 ஆகஸ்டில் அரசாங்க விலையே 2,100. வாடிக்கையாளர் ஒருவர்கூடக் குறையாமல் இருந்தாலும் டாலரில் வரும்படி பாதிக்குக் கீழே போய்விடும். நீ சொல்கிற நாட்டில் டவர் வாடகை எந்தக் காசில்? "டாலரோடு இணைத்தது" என்று எழுதியிருக்கிறார்கள். வாடகை கொடுக்கிற போன் கம்பெனிக்கு டாலர் எங்கிருந்து வரும் என்று எழுதவில்லை.

சிம் கணக்கையும் அப்படியே நம்பாதே. இங்கே நிறையப் போனில் இரண்டு சிம். புதுக் கம்பெனி வந்தால் இலவச டேட்டாவுக்காக ஒரு சிம் வாங்குவார்கள், தீர்ந்ததும் கழற்றி வீசுவார்கள். விற்ற சிம் எத்தனை என்று கேட்காதே. கடந்த 30 நாளில் காசு போட்ட சிம் எத்தனை என்று கேள்.

இப்போது எனக்குத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். டவர் என்றால் இரும்பு என்று நினைக்கிறார்கள். நிறுத்திய இரும்பு நிற்கும். டவரைத் தின்பது கரண்ட்தான். கிராமத்து டவரில் கருவிக்கு வேண்டியது 2 கிலோவாட், மிஞ்சினால் 3. வைக்கிற ஜெனரேட்டர் 15 கே.வி.ஏ., அதாவது 12 கிலோவாட் அளவு. அவ்வளவு பெரிய எஞ்சினை அவ்வளவு குறைந்த லோடில் ஓட்டினால் சூடு ஏறாது, டீசல் முழுதாக எரியாது. இன்ஜெக்டரில் கரி படியும், சைலன்சர் மூட்டில் கறுப்பாக எண்ணெய் கசியும். விரலால் தொட்டால் தார் மாதிரி ஒட்டும். அந்தக் கசிவைக் கண்டால் எஞ்சினுக்கு ஆயுள் பாதிதான் என்று எழுதிக்கொள்.

மணிக்கு சுமார் 2 லிட்டர் வை. 24 மணி ஓடினால் 48 லிட்டர், மாதம் 1,440. 200 லிட்டர் டிரம் ஏழுக்கு மேல், ஒரு டவருக்கு. 250 மணிக்கு ஒருமுறை ஆயில், ஃபில்டர் மாற்ற வேண்டும். அப்படியென்றால் பத்து நாளைக்கு ஒருமுறை ஓர் ஆள் போக வேண்டும். மழைக்காலத்தில் ஐராவதி டெல்டாவில் ரோடு கிடையாது, டிரம் படகில் போகும். மூடி சரியாக இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கும், ஃபில்டர் அடைக்கும், டவர் படுக்கும்.

செலவைக் குறைக்க பேட்டரி வைப்பார்கள். ஜெனரேட்டரை நல்ல லோடில் ஐந்தாறு மணி ஓட்டி, பேட்டரியை நிரப்பி, மீதி நேரத்தை பேட்டரியில் ஓட்டுவது. நல்ல முறைதான். ஆனால் ஈய பேட்டரிக்கு 25 டிகிரியில்தான் சொன்ன ஆயுள். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. தகரப் பெட்டிக்குள் சித்திரை வெயிலில் எத்தனை டிகிரி இருக்கும் என்று நீயே யோசி. உன் அறிக்கையில் பேட்டரிக்கு எட்டு வருடம் போட்டிருக்கிறார்கள்.

ஒரு டவரில் இரண்டாவது போன் கம்பெனி ஏறினால்தான் லாபம் என்கிறார்கள். அது சரிதான். இரும்பு அதேதான், நிலவாடகை அதேதான், கூடுவது கொஞ்சம் கரண்ட் மட்டும். ஆனால் இரண்டு போன் கம்பெனி ஒன்றாகச் சேர்ந்தாலோ, ஒன்று ஊரை விட்டுப் போனாலோ முதலில் காலியாவது அந்த இரண்டாவது இடம்தான்.

"டவர் எங்கே போகும், சொத்து நிற்கிறதே" என்று நீ மாமாவிடம் சொன்னாயாம். 1930இல் நெல் விலை விழுந்தபோது இங்கே 13 பெரிய நெல் ஜில்லாக்களில் வட்டிக்குக் கொடுத்த செட்டியார்கள் கையில் நிலம் 6 சதவீதம். 1937இல் 25 சதவீதம். கொடுத்த கடன் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்தது. சொத்து நின்றது, வட்டி நின்றுபோயிற்று, பின்னால் நிலமும் போயிற்று.

அதனால் கேட்க வேண்டியதைக் கேள். டீசல் செலவு டவர் கம்பெனி தலையிலா, போன் கம்பெனி தலையிலா? மாதம் இவ்வளவு என்று கட்டித் தொகையாக ஒப்புக்கொண்டிருந்தால் டீசல் விலை ஏறும்போது நஷ்டம் உங்களுக்கு. நிலவாடகைப் பத்திரம் எத்தனை வருடம், யார் பெயரில்? எல்லாவற்றுக்கும் மேலே ஹவர் மீட்டரைப் பார். ஜெனரேட்டர் மொத்தம் எத்தனை மணி ஓடியது என்று காட்டுவது அது. பேனலில் சின்னச் சதுரமாக இருக்கும், எளிதில் பின்னோக்கித் திருப்ப முடியாது. அதில் ஓடிய மணியையும் டீசல் பில்லையும் பக்கத்தில் வைத்து வகுத்துப் பார். மணிக்கு 2 லிட்டர் வர வேண்டிய இடத்தில் 3 வந்தால் டீசல் வேறெங்கோ போகிறது. தினம் எத்தனை மணி ஓடியது என்று எழுதுகிற லாக் புத்தகத்தையும் பார். உண்மையாக எழுதினால் 17.6, 21.3, 9.8 என்று கோணல் மாணலாக வரும். 24, 24, 24 என்று ஒரே பேனாவில் வரிசையாக இருந்தால் மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதியது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் எழுதியிருக்கிறேன். கரண்ட் வந்து ஜெனரேட்டர் நின்றிருந்த நாளுக்கும் 24 என்று போட்டேன். 180 லிட்டர் இருந்த டிரம்முக்கு 200 என்று கையெழுத்துப் போட்டேன். மிச்சத்தில் எனக்கும் பங்கு வந்தது. அந்தத் தாள்களைக் கூட்டித்தான் மேலே அறிக்கை போயிற்று. உன்னைப் போல யாரோ ஒரு பிள்ளை அதை எங்கேயோ உட்கார்ந்து நம்பியிருப்பான். 2015இல் அம்மாவின் வளையலை அடகுக் கடையிலிருந்து மீட்டது அந்தக் காசில்தான். அவளுக்கு இன்றுவரை தெரியாது. அதனால் அவள் வெறுங்கையைப் பார்த்தும் வளையல் எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன்னிடமும் கேட்க வரவில்லை.

மாமாவை வெள்ளிக்கிழமை வரை பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் அந்தக் கம்பெனியிடம் மூன்று டவரின் ஹவர் மீட்டர் படம், மாத முதல் நாளும் கடைசி நாளும் எடுத்தது, அதே மாத டீசல் பில், இவற்றைக் கேள். வந்தால் எனக்கு அனுப்பு, நான் வகுத்துச் சொல்கிறேன். தர மாட்டோம் என்றால் அதையும் எனக்குச் சொல்.

இந்த மாதம் நம் தெருவுக்குக் கரண்ட் மாலை 5 முதல் 9 வரை. ரவுட்டர் அப்போதுதான் ஓடும். அந்த நேரத்தில் கூப்பிடு. வளையலைப் பற்றி அம்மாவிடம் நீ ஒன்றும் சொல்லாதே, நானே சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா