ஆற்றைத் திறந்தீர்கள், குழாயை மூட மறந்தீர்கள்

பாரிஸ் புறநகரில் ஓடும் பியேவ்ர் ஆற்றைப் பராமரிக்கும் அலுவலகத்தின் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்த விஷயமாக உங்களுக்கு மூன்று முறை பிரெஞ்சில் எழுதிவிட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்: கடிதம் கிடைத்தது, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. அந்த உரிய பிரிவைக் கண்டுபிடிப்பதைவிட ஆற்றின் மூலத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். மூலம் கியாங்கூர் என்ற ஊரில் இருக்கிறது, ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த முறை என் மொழியிலேயே எழுதுகிறேன். மரியாதை குறையாமல் கோபப்பட எனக்கு இதில்தான் வரும். பிரெஞ்சுப் பிரதி தபாலில் வந்துகொண்டிருக்கிறது.

கேட்பது ஒன்றே ஒன்று. எங்கள் பகுதியில் நடைபாலத்துக்குக் கீழே ஆற்றுக்குள் திறக்கும் மழைநீர்க் குழாயில் எந்தக் கட்டடத்தின் கழிவு கலக்கிறது என்று கண்டுபிடித்து நிறுத்துங்கள்.

எந்தக் குழாய் என்று உங்களுக்குத் தெரியும். முதல் கடிதத்திலேயே படம் வைத்திருந்தேன்.

என் அம்மாவுக்கு 79 வயது. யாழ்ப்பாணத்துக்காரி. எங்கள் ஊர்ப்பக்கம் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு, அதுவும் மாரியில்தான் ஓடும். அப்படிப்பட்டவருக்கு வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். நீங்கள் ஆற்றை மூடியிருந்த சிமெந்து மூடியை எடுத்து, கரையில் செடி நட்டு, ஆற்றை வெளியே விட்ட நாளிலிருந்து ஒவ்வொரு மாலையும் கைத்தடியோடு போவார். கல்லில் மெதுவாக இறங்கி, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறுவார். ஆறு சின்னதுதான், பல இடங்களில் தாண்டிவிடலாம். அவருக்கு அது போதும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். பத்து நாளாக ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் மழைநீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுத்து, மேலே சோப்பு நுரை. நான் சொல்வதற்குள் அம்மா குனிந்து கையை வைத்துவிட்டார். கையை எடுத்தபோது விரலில் ஒட்டியிருந்தது கழிப்பறைக் காகிதம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று முறை கை கழுவினார். இப்போதும் போகிறார், ஆனால் கீழே இறங்குவதில்லை, மேலே வாங்கில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். ஒருநாள் கேட்டார்: "தம்பி, இதையும் திருப்பி மூடிப்போடுவினமோ?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நானல்ல, நீங்கள்.

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. இந்த ஆறு ஏன் மூடப்பட்டது என்று உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. பாரிஸின் கொப்லான் சாயப்பட்டறைக்காரர்களும் தோல் பதனிடுபவர்களும் சலவைக்காரர்களும் நூற்றாண்டுக்கணக்கில் இதில் எல்லாவற்றையும் கொட்டினார்கள். குளிர்காலத்தில் இதன் குட்டைகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிச் சேமித்ததால்தான் பாரிஸில் ஒரு பகுதிக்கு இன்றும் கிளாசியேர் என்று பெயர். கடைசியில் நாற்றம் தாங்கவில்லை என்று 1912க்குள் பாரிஸ் நகருக்குள் ஆற்றை முழுக்க மூடிவிட்டார்கள். பிறகு புறநகரிலும் அதே கதை. அழுக்காக்கியவர்களுக்கு வெளிச்சம், ஆற்றுக்கு இருட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் எங்களுக்கும் ஒரு சின்ன ஒட்டு உண்டு. ஓபர்கம்ப் என்ற ஆலைக்காரர் 1760இல் மேலாற்றில் ஜூயி கிராமத்தில் துணி அச்சடிக்கும் ஆலை தொடங்கியது இந்தத் தண்ணீரை நம்பித்தான். அங்கே அவர் பார்த்துச் செய்தது எதை? சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த சித்திரத் துணிகளை. அவற்றின் சிவப்புக்குச் சாயவேர், அது மன்னார்ப் பக்கத்திலும் கிண்டி எடுத்ததுதான். பிரான்ஸ் அந்தத் துணிகளை 1686இலிருந்து 1759வரை தடை செய்திருந்தது, தடை போன அடுத்த வருஷமே ஆலை வந்துவிட்டது. சரி, விட்டுவிடுகிறேன். வியாபாரம் என்றால் இந்த ஆற்றங்கரையில் எல்லாம் வேகமாக நடந்திருக்கிறது என்று சொல்ல வந்தேன், அவ்வளவுதான்.

நீங்கள் செய்த நல்லதை மறுக்கவில்லை. 2003இல் ஃப்ரேனில், 2016இல் லாய்-லே-ரோஸில், அப்புறம் ஆர்க்கோய், ஜோந்தியி எல்லையில் என்று துண்டு துண்டாக ஆற்றை மீட்டது பெரிய வேலை. அதனால்தான் இந்த ஒரு குழாய் இவ்வளவு உறுத்துகிறது.

இது ஒன்றும் புரியாத நோயல்ல. மழைநீருக்கு ஒரு குழாய், வீட்டுக் கழிவுக்கு ஒரு குழாய் என்று இரண்டு இருக்கிற தெருவில், எவரோ ஒரு குழாய்க்காரர் சமையலறையையும் கழிப்பறையையும் தப்பான குழாயில் இணைத்திருக்கிறார். சந்தேகப்படும் வீட்டுக் கழிப்பறையில் நிறப்பொடியைக் கரைத்து ஊற்றினால், ஆற்றங்கரையில் நிற்பவருக்குச் சற்று நேரத்தில் பதில் தெரிந்துவிடும். ஒரு தெரு, சில கட்டடங்கள். அந்தக் கட்டடங்களைத் தட்டிப் பாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

சேன் நதிக்கு இதே வைத்தியம் நடந்ததை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம். 140 கோடி யூரோ செலவில், தப்பாக இணைத்த வீடுகளை ஆயிரக்கணக்கில் தேடினார்கள். 1923இலிருந்து இருந்த குளிக்கும் தடை 2025 ஜூலையில் நீங்கியது, பாரிஸ்காரர்கள் குதித்து நீந்தினார்கள். மிக்க மகிழ்ச்சி. எங்கள் ஆற்றில் ஒலிம்பிக் நீச்சல் நடக்காது, முழங்கால் அளவு தண்ணீரில் எந்த மேயரும் படம் எடுக்க இறங்க மாட்டார் என்பதும் புரிகிறது. வேண்டுமானால் அம்மாவை ஒரு பதக்கத்துக்குப் பதிவு செய்கிறேன், அப்போதாவது குழாயைப் பார்ப்பீர்களா?

மன்னியுங்கள், கொஞ்சம் எல்லை மீறிவிட்டேன். தயவுசெய்து இதை ஒரு புகாராக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆட்களில் ஒருவரை மழையில்லாத ஒரு ஞாயிறு காலை, பத்து மணி வாக்கில், எல்லா வீட்டிலும் துணி துவைக்கும் நேரத்தில் அனுப்பிவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். குழாய் வாயை நானே காட்டுகிறேன். அம்மா ஒரு குடுவையில் தேநீர் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஆற்றங்கரை வாசி ஒருவன்