நட்சத்திரமும் மிளகும்

பலேர்மோ, இத்தாலி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். போன ஞாயிறு பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரோசாலியா என்கிற புனிதையின் கோவிலுக்கு ஏறினோம். வழியெல்லாம் நம் சனம்தான். அப்பாவுக்காகவும் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். அவருக்குப் பல் கட்டியாயிற்றா? கடைசிக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு 88 வயது. மாலையில் மூன்று வயதுக் கொள்ளுப்பேரனும் வந்துவிடுவான். இருவருக்கும் இரவில் பாஸ்தீனாதான். மிளகளவு, அரிசியளவு, நட்சத்திரம், எழுத்து என்று பொடிப்பொடியாகப் பாஸ்தா செய்து விற்கிறார்கள். பால்குடி மறக்கும் பிள்ளைக்கும் இதுதான், காய்ச்சல்காரருக்கும் இதுதான். நம் வீட்டில் கஞ்சி பார்க்கிற வேலையை இங்கே இது பார்க்கிறது.

முதல் நாள் சோறு வடித்துப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. நட்சத்திரங்களை வெந்நீரில் வேகவைத்துத் துளைப் பாத்திரத்தில் கொட்டினேன். பாதி, துளை வழியே தொட்டிக்குள் இறங்கிவிட்டது. பாட்டி தடியை ஊன்றி வந்து எட்டிப்பார்த்து, "மதோன்னா!" (மாதாவே!) என்றார். இதை வடிக்கவே கூடாதாம். கரட், செலரி, வெங்காயம், கோழித்துண்டு போட்டு இரண்டு மணி நேரம் காய்ச்சிய சாற்றிலேயே ஆளுக்கு ஒரு கைப்பிடி போட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். மேலே சீஸ் துருவல். ஆறவிட்டால் சாற்றையெல்லாம் உறிஞ்சிக் களியாகிவிடும். அதனால் இருவரும் மேசையில் அமர்ந்த பிறகே போடுகிறேன்.

நட்சத்திரம் பையனுக்கு. பாட்டிக்கு 'அச்சினி தி பெப்பே' என்கிற மிளகு மணிதான் வேண்டும். இரண்டும் ஒரே கோதுமை ரவை, ஒரே சாறு. எனக்கு ருசியில் வித்தியாசமே தெரியவில்லை. ஒருநாள் மிளகு தீர்ந்துபோய் நட்சத்திரம் போட்டேன். "நான் என்ன குழந்தையா?" என்று கரண்டியால் ஒவ்வொன்றாக ஓரம் ஒதுக்கிச் சாற்றை மட்டும் குடித்தார். மறுநாள் மழையில் கடைக்கு ஓடினேன். வைராக்கியத்தில் அப்பாவுக்கு அக்கா!

விசேஷ நாளில் பாட்டியின் மகள், இந்த ஊருக்கே உரிய அனெல்லெத்தி வளையங்களை இறைச்சிக் குழம்பில் பிரட்டி ஓவன் அடுப்பில் சுட்டுக் கொண்டுவருவார். அன்று மட்டும் பாட்டிக்குப் பல் இல்லாதது நினைவுக்கே வராது.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற ஒருவரிடம் இரண்டு பாக்கெட் பாஸ்தீனா கொடுத்துவிடுகிறேன். நட்சத்திரம் தங்கச்சியின் பிள்ளைக்கு. அப்பாவுக்கு மிளகு மணி, மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். வடித்தும் விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்