கல்யாணப் படங்களில் நேரமும் ஊரும் மாறித் தெரிவது பற்றி

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் காலை ஏழேகால் முகூர்த்தம். செல்போனில் தாலி கட்டும் படத்தைத் திறந்தால் விடியற்காலை 4.42, தஞ்சாவூர் என்று காட்டுகிறது. இதை வைத்து ‘வேறு கல்யாணத்துப் படத்தைக் கலந்துவிட்டார்கள்’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பேச்சு சுற்றுகிறது. உண்மையிலேயே மனது வலிக்கிறது. நம் ஸ்டுடியோவில் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தனி மெமரி கார்டு, தனி ஃபோல்டர். ஒவ்வொரு கேமராவின் படங்களுக்கும் எண் வரிசையாக ஓடும். கழித்த படங்களின் எண் மட்டும்தான் நடுவில் இருக்காது. உங்கள் பென் டிரைவிலேயே பார்த்துக்கொள்ளலாம். கலப்பதற்கு வழியே இல்லை.

நடப்பது இதுதான். தாலி கட்டிய படத்தில் கேமரா 7.12 என்று மட்டும் எழுதும். அது எந்த நாட்டு 7.12 என்று எழுதும் வசதி, படத்துக்குள்ளேயே தேதி, நேரம் போன்ற விவரங்களைப் பதியும் எக்ஸிஃப் முறையில் 2016-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய கேமராக்களில் கிடையாது. சிங்கப்பூர் மாமா அங்குள்ள கம்ப்யூட்டரில் படங்களை ஏற்றினால், மென்பொருள் அதைச் சிங்கப்பூர் நேரமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். இங்கே திறக்கும்போது இரண்டரை மணி நேரம் குறைந்து 4.42 ஆகிவிடும். கிரீன்விச் நேரம் என்று எடுத்துக்கொண்டால் ஐந்தரை மணி நேரம் கூடி 12.42!

இடமும் இதனால்தான் தப்புகிறது. நம் கேமராவில் ஜிபிஎஸ் இல்லை. அதே நேரத்தில் செல்போனில் எடுத்த படம் எந்த ஊரோ, அந்த ஊரைச் சில செயலிகள் இதற்கும் போட்டுவிடும். சொந்தக்காரர் யாராவது வரும் வழியில் 4.42 மணிக்குத் தஞ்சாவூர் டீக்கடையில் ஒரு செல்ஃபி எடுத்திருந்தால் போதும், தாலி கட்டியதும் தஞ்சாவூர்தான். செல்போன் படங்களோடு ஒரே ஆல்பத்தில் போட்டால் தாலிக்குப் பிறகு காசி யாத்திரை வரும்.

கூகுள் போட்டோஸில் படத்தை மேலே தள்ளி, தேதியைத் தொட்டு நேரத்தையும் நேர மண்டலத்தையும் மாற்றலாம். செயலி உத்தேசமாகப் போட்ட ஊரையும் நீக்கலாம். ஆனால் அந்தத் திருத்தம் செயலிக்குள்ளேயே நிற்கும், மூலக் கோப்புக்கு வராது. அதனால் இனி எக்ஸிஃப்டூல் மென்பொருளைக் கொண்டு ஒவ்வொரு கோப்பிலும் இந்திய நேரம் என்று காட்டும் +05:30 என்பதையும் மண்டபத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் எழுதியே தருவோம். படத்தின் தரம் துளியும் மாறாது. பென் டிரைவ் மட்டும் இரண்டு நாள் தள்ளிக் கிடைக்கும்.

நிச்சயதார்த்தம் முதல் பேரப்பிள்ளை காதுகுத்து வரை நம்மையே கூப்பிடும் குடும்பங்களுக்கு, இந்தப் பேச்சு கிளம்பியதும் நேரில் வந்து விவரம் கேட்டவர்களுக்கு, நெஞ்சார்ந்த நன்றி. பழைய கல்யாணப் படங்களையும் கட்டணமில்லாமல் சரிசெய்து தருகிறோம். பென் டிரைவையே எடுத்து வாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் உள்ளே பதிந்த விவரமெல்லாம் கழன்றுவிடும்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளர்