ஆவணப்பட வட்டம், திருகோணமலை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் சில அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஒழுங்காகக் கூடியது. பொங்கல் ஒன்றுகூடல் நடந்தது. மழையால் ஒரு திரையிடல் கைவிடப்பட்டது.

பிரித்தானிய இயக்குநர் பசில் றைற் இலங்கையில் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' (1934) ஆவணப்படத்துக்கு மூன்று அமர்வுகள் ஒதுக்கியதில் முணுமுணுப்பு உண்டு. "தேயிலை விளம்பரப் படம் எங்களுக்கு ஏன்?" என்று கேட்டவர்களில் ஒருவரும் அமர்வுக்கு வரவில்லை. அப்படத்தின் வர்ணனை, இங்கே சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் இலங்கை பற்றி எழுதிய 1681ஆம் ஆண்டு நூலிலிருந்து எடுத்தது. வாசித்தவர் எங்கள் நாட்டுப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட். நொக்ஸ் 1660இல் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டது எங்கள் கொட்டியாரக்குடாவில். இதற்குமேல் என்ன சொந்தம் வேண்டும்?

தேயிலைப் பிரசாரச் சபை கேட்டது நான்கு குறும்படங்கள். றைற் கொடுத்தது நான்கு பாகங்கொண்ட ஒரே படம். அதற்கு இடங்கொடுத்தவர் தயாரிப்பாளர் ஜோன் கிரியர்சன். இயக்குநர் வழிமாறினால் பணம் தந்தவருக்குப் பதில் சொல்வது தயாரிப்பாளரின் வேலை. றைற்றும் பின்னர் அந்தக் கதிரையில் இருந்தார்: 1937இல் றியலிஸ்ட் ஃபில்ம் யுனிட்டைத் தொடங்கினார், 1945இல் கிரவுண் ஃபில்ம் யுனிட்டின் பொறுப்பேற்றார். எங்கள் வட்டத்தில் இயக்குநர்களுக்குப் பஞ்சமில்லை. பற்றுச்சீட்டுச் சேர்த்து வைக்கத்தான் ஆளில்லை.

றைற் இங்கே ஊமையாகப் படம்பிடித்து, ஒலியை லண்டனில் சேர்த்தார். கரைவலை பற்றிய எமது படத்தில் ஒலியைத் தனியாகப் பதிந்ததும் இதனால்தான். கச்சான் காற்றுக்கு மைக்கின் பஞ்சு உறை போதாது. மயிர் உறை போட்டும் ஆள் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும். வலை இழுப்போர் பாடும் அம்பாப்பாட்டு திடீரென உயரும், ஆகவே உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைத்தோம். ஒவ்வொரு ஷொட்டின் தொடக்கத்திலும் படத்தையும் ஒலியையும் பொருத்தக் கமெராவின் முன்னால் ஒரு கைதட்டல், முடிவில் வெட்டுகளை நிரப்ப 30 செக்கன் வெறும் கடலோசை. இதைச் செய்யாதவர்களின் பதிவுகளை ஒட்டவே முடியவில்லை. கைப்பேசியில் பிடித்தவை வேறு தொல்லை: பிரேம் வேகம் கூடிக்குறைவதால் பத்து நிமிடத்தில் வாய் ஒருபக்கம், குரல் ஒருபக்கம். தொகுக்கமுன் எல்லாவற்றையும் செக்கனுக்கு நிலையான 25 பிரேமுக்கு மாற்றவேண்டியதாயிற்று. மீன்வாடியின் குழல்விளக்கில் ஷட்டரைச் செக்கனில் 50இல் ஒன்றாக வைக்காத காட்சிகள் துடிக்கின்றன, அவற்றை நீக்கினோம்.

கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சுருக்கமாக, வரவு செலவுக்குக் கிட்டத்தட்டச் சரி. பாதிப் பேரின் சந்தா வரவில்லை. மூன்றாம் நினைவூட்டலுக்கும் பதில் இல்லை.

மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் அணிக்கும், படம்பிடிக்கச் சம்மதித்து உறுதிப்படிவத்தில் ஒப்பமிட்ட, கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டிமாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நானே செயலாளராக இருக்கவேண்டுமாம். அப்படிச் சொன்ன நால்வரில் இருவர் சந்தா கட்டவில்லை. கரைவலைப் பதிவுகள் முழுவதும் இப்போது ஒரே ஹாட் டிஸ்க்கில் கிடக்கின்றன. அது கீழே விழுந்தால் படம் இல்லை. இரண்டாவது ஒன்று வாங்க நிலுவைச் சந்தாவே போதும். கூட்டம் முடியும்வரை பொருளாளர் வாசலடி மேசையில் இருப்பார்.