சோறு போட்டவர்களுக்கும் தொழில் கொடுத்தவர்களுக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், திருப்பூர், கோயம்புத்தூர், தஞ்சாவூரில் இருக்கிற என் வேண்டியவர்களுக்கும் வணக்கம்.

நான் பிளஸ் டூ முடித்தது 2001-ல். அதற்குப் பிறகு என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் ஒரே மூச்சில் சொல்ல வராது. பாலிடெக்னிக், பனியன் கம்பெனி, மோட்டார் காயில் கட்டும் (கருகிய செப்புக் கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றும்) பட்டறை, மறுபடி ஊர் என்று சுற்றிச் சுற்றித்தான் இன்றைய இடத்துக்கு வந்திருக்கிறேன். போன இடத்தில் எல்லாம் யாரோ ஒருவர் கை கொடுத்தார். அவர்களில் பலரிடம் நான் வாய்விட்டு நன்றி சொன்னதே இல்லை. சொந்தப் பட்டறை திறக்கப்போகிற இந்த நேரத்தில் ஊரறியச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் டீச்சர். இரண்டு வருடமும் எங்களுக்கு இயற்பியல் எடுத்தவர். மும்முனை மின்சாரத்தைக் கரும்பலகையோடு விட்டுவிடாமல், பள்ளிக்குப் பக்கத்து வயலில் இருந்த மோட்டார் கொட்டகைக்கு எங்களைக் கூட்டிப்போனார். கொட்டகைக்காரரும் முகம் சுளிக்காமல் ஸ்டார்ட்டரைத் திறந்து காட்டினார். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் கிடைத்தபோது எனக்கு டிராயிங் போர்டும், அதில் கோடு போடும் டிராஃப்டர் கருவியும் வாங்கிக் கொடுத்தது டீச்சர்தான். வீட்டில் காசு இல்லை என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

படிப்பு ஒரு வருடத்துக்கு மேல் ஓடவில்லை. அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்தவர், பாமணியாற்றுப் பாசனம். 2002-ல், வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. குறுவை போனது. 2003-லும் அதே கதி. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில், வெண்ணாறு பிரிகிற இடத்தில், வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்ற டெல்டாக்காரர்களுக்கு அந்த வருடங்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. குத்தகை நெல் அளக்க முடியாத வீட்டில் செமஸ்டர் பீஸ் எங்கிருந்து வரும்? டீச்சர் தானே கட்டுவதாகச் சொன்னார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். ஒரு பக்கம் கடன், ஒரு பக்கம் தங்கை. நான் சம்பாதித்தே ஆக வேண்டும். "எங்க போனாலும் மோட்டாரை விட்டுடாதே" என்று சொல்லித்தான் டீச்சர் என்னை வழியனுப்பினார். அந்த டிராஃப்டரை அப்புறம் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்குக் கொடுத்தேன். அவன் டிப்ளமா முடித்து நல்ல வேலையில் இருக்கிறான். அந்தப் புண்ணியமும் உங்களுக்குத்தான் டீச்சர்.

திருப்பூரில் கைமடி வேலை. பவர் டேபிளில் தைக்கிறவருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பது, மடிப்பது. சனிக்கிழமைதான் சம்பளம் கைக்கு வரும், அதுவரை மெஸ் அக்காவின் கணக்கு நோட்டுதான் எங்களைக் காப்பாற்றும். திண்டுக்கல் பக்கத்து அக்கா. எனக்கு மஞ்சள் காமாலை வந்து அறையில் கிடந்தபோது கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி வேளை தவறாமல் கொடுத்தனுப்பினார். உடம்பு தேறியதும் பாக்கி எவ்வளவு என்று கேட்கப் போனேன். நோட்டைத் திறந்து காட்டினார். நான் படுத்திருந்த நாட்களுக்கு நேராகத் தொகையே இல்லை, வெறும் கோடு போட்டு வைத்திருந்தார். "சாப்பிட்டாத்தானப்பா எழுதறதுக்கு, நீ எங்க சாப்பிட்ட" என்றார். மூன்று வேளையும் கஞ்சி கொடுத்தவர் சொன்ன பேச்சு அது. அக்கா, அந்தக் கோடுகளை நான் மறக்கவில்லை.

கம்பெனிக்கு வந்துபோகும் எலக்ட்ரீஷியன் அண்ணன், நான் மோட்டாரையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்து, கோயம்புத்தூர் கணபதியில் காயில் கட்டும் மாஸ்டர் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டார். என் வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்தது அந்தப் பட்டறையில்தான்.

ஆரம்பத்தில் எனக்குக் கிடைத்தது கருகிய காயிலைப் பிரிக்கிற வேலை மட்டுமே. ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் இழுத்து, ஸ்லாட்டில், அதாவது கம்பி உட்காரும் பள்ளத்தில், ஒட்டிக்கிடக்கும் கரியைச் சுரண்ட வேண்டும். "எத்தனை சுத்து இருக்குதுன்னு எண்ணிப் பாரு கண்ணு. கம்பெனிக்காரன் போட்ட கணக்கு அதுலதான் இருக்குது" என்பார் மாஸ்டர். சுற்று குறைந்தால் மோட்டார் சூடேறும். கம்பியின் கேஜ், அதாவது தடிமன், மாறினால் சீக்கிரமே திரும்பிவரும். காகிதம் வெட்டுவது, கம்பி சிராய்க்காமல் ஸ்லாட்டில் இறக்குவது, மூங்கில் சிம்பு செருகுவது, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பது என்று ஒவ்வொன்றையும் என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். கனெக்‌ஷன் கொடுக்கும் நேரம் பார்த்துப் பையனை டீ வாங்க அனுப்பிவிடுகிற மாஸ்டர்களும் உண்டு. தொழில் ரகசியம் வெளியே போய்விடக் கூடாது என்ற பயம். எங்கள் மாஸ்டரோ அந்த நேரத்தில்தான் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். அவர் இன்று உயிரோடு இல்லை. அவருடைய வீட்டு அம்மாவுக்கு இந்த வரிகள் போய்ச் சேர வேண்டும்.

2012-ல் அப்பாவுக்கு முடியாமல்போய் ஊருக்கே வந்துவிட்டேன். அந்த வருடமும் மேட்டூர் திறக்கச் செப்டம்பர் ஆகிவிட்டது. போர்செட் வைத்திருந்தவர்கள் இரவு பகலாக ஓட்டினார்கள். லோ வோல்டேஜ், அல்லது மும்முனையில் ஒரு பேஸ் (ஒரு முனை) போய்விடும். மோட்டார் உறுமிக்கொண்டே கருகும். ஆற்றில் தண்ணீர் வராத வருடங்களில்தான் என் கையில் வேலை குவிந்தது. ஊர் வயிறெரியும்போது வந்த காசு அது. அதில் எனக்குச் சந்தோஷம் இருந்ததில்லை, ஆறு நிறைய ஓடி என் கடை காற்றாடினாலும் சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கடை என்று சொன்னாலும், சைக்கிள் கடை மாமா அட்வான்ஸ் கேட்காமல் விட்டுக்கொடுத்த ஒரு மூலைதான். முதல் செப்புக் கம்பி அம்மாவின் மகளிர் குழுக் கடனில் வாங்கியது. அந்த முறை கடன் எங்களுக்கு வந்திருக்க வேண்டியதே இல்லை. கீழத்தெரு சித்தி தன் முறையை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தார். கூரை மாற்றக் கேட்டிருந்த கடன் அது. அந்த ஐப்பசி மழைக்கு அவர் வீடு ஒழுகியது. சித்தி, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், ஆனால் நீங்கள் நனைந்த மழைக்கு ஈடு கொடுக்க எங்களிடம் ஒன்றுமில்லை.

2016-ல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. ஆறும் இல்லை, மழையும் இல்லை, சம்பா கருகியது. மோட்டார் கொண்டுவந்தவர்களிடம் காசு இல்லை. கேட்கவும் எனக்கு மனசு வரவில்லை. அப்போது தஞ்சாவூர் கம்பிக் கடை பாய், "விவசாயி குடுக்கும்போது நீ எனக்குக் குடு தம்பி" என்று கடனுக்குக் கம்பி கொடுத்துக்கொண்டே இருந்தார். பாய், நீங்கள் அன்று கையை விரித்திருந்தால் நான் மறுபடி திருப்பூர் பஸ் ஏறியிருப்பேன். அடுத்தடுத்த அறுவடைகளில் நூறும் இருநூறுமாகக் கொண்டுவந்து பாக்கியை அடைத்த விவசாயிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்.

2018 நவம்பர் 16, கஜா புயல். கடையின் தகரம் எங்கே போய் விழுந்தது என்றே தெரியவில்லை. வேறு மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள், வண்டி இறங்காத சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்துபோய் நட்டார்கள். எங்கள் ஊரில் கம்பம் நட்டவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள் ஐயா.

என் மனைவிக்கு என்ன எழுதுவது? கணக்கு, கம்பிக் கொள்முதல், ஐடிஐ முடித்துப் பழக வருகிற பிள்ளைகளின் சாப்பாடு எல்லாம் அவள் பொறுப்பு. இதையும் அவளே வாசித்துத் திருத்துவாள், அதனால் அதிகம் எழுதவிட மாட்டாள்.

சம்பா அறுவடை முடிந்த கையோடு, மாசியில் புதுப் பட்டறை திறக்கிறோம். டீச்சர்தான் திறந்துவைக்க வேண்டும், உடம்பு முடியவில்லை என்று தட்டிக்கழிக்கக் கூடாது. சைக்கிள் கடை மாமா கூடவே நிற்க வேண்டும், குத்துவிளக்கைச் சித்தி ஏற்ற வேண்டும். மெஸ் அக்கா, எலக்ட்ரீஷியன் அண்ணன், மாஸ்டர் வீட்டு அம்மா எல்லோரும் தஞ்சாவூரில் இறங்கிப் போன் செய்யுங்கள், நானே வண்டி எடுத்து வருகிறேன். நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டுவிட்டால் நேரமாகும், கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினால் நல்லது. மதியம் சாப்பாடு எங்கள் வீட்டில். சாப்பிடாமல் யாரும் போகக் கூடாது.