கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் மர்மப் புள்ளிகளை, அதாவது அடிபட்டால் ஆபத்து என்று ஆயுர்வேதம் சொல்லும் உடம்பின் முக்கிய இடங்களைப் பற்றி வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். உள்ளங்கை நடுவே தலஹிருதயம், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே க்ஷிப்ரம் என்று படம் போட்டிருந்தது நன்றாக இருந்தது. நான் தையல்காரி. ராத்திரியில் நல்லெண்ணெயை லேசாகச் சூடு பண்ணி அந்த இரண்டு இடத்திலும் தேய்த்துவிட்டால் கைக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

சுசுருத சம்ஹிதை அறுவை சிகிச்சையை விரிவாகப் பேசும் பழைய ஆயுர்வேத நூல். அதில் சொல்லியிருக்கும் 107 மர்மங்களை, அடிபட்டால் என்ன ஆகும் என்பதை வைத்து ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். 19 இடங்கள் உடனே உயிரைப் பறிப்பவை, 44 இடங்கள் ஊனமாக்குபவை. கழுத்தில் இருபுறமும் உள்ள எட்டு மாத்ருகா மர்மங்கள் அந்த 19-இல் வருகின்றன. தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் அடிபட்டால் தலை ஆடிக்கொண்டே இருக்குமாம்.

அந்தக் கழுத்தைத்தான் சலூனில் முடி வெட்டி முடித்ததும் சடக்கென்று திருப்பிச் சொடக்கு எடுக்கிறார்கள். ஆட்டோ ஓட்டும் என் கணவருக்குப் போன வருடம் அப்படி எடுத்த அன்று ராத்திரியே தலைசுற்றல், வாந்தி. நல்லவேளை, ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை. இப்படித் திருகினால் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரைக்கும் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. சலூன் தம்பிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், செய்கிறார்கள்.

அப்புறம் கணவரின் தோள்வலிக்காகத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போனோம். இப்படிப்பட்ட இடங்களை நம் சித்த மருத்துவத்தில் வர்மம் என்கிறார்கள். அவற்றை அளவாக அழுத்தி வலிக்கு வைத்தியம் செய்கிறார்கள். வர்மம் மொத்தம் 108. அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அந்த அளவு ஆபத்து இல்லாத தொடுவர்மம் 96. அங்கே சர்க்கரை, பிரஷர் எல்லாம் கேட்டு, பழைய ஸ்கேனையும் பார்த்த பிறகுதான் தொட்டார்கள். அழுத்தத்துக்கும் அளவு உண்டு, அதை மாத்திரை என்கிறார்கள். "கால் மாத்திரைதான் ஐயா, வலிச்சா உடனே சொல்லுங்க" என்றார் அந்த மருத்துவர். சின்னப் பெண்தான். கட்டைவிரல் பதிந்த இடத்தில் தோல் கொஞ்சம்தான் குழிந்தது. அவர் கண் முழுக்க என் கணவரின் முகத்திலேயே இருந்தது. நாலைந்து தடவை போய் வந்த பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறது.

அரும்பாக்கம் அறிஞர் அண்ணா மருத்துவமனையிலும் சித்த மருத்துவம் இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் நம் ஊரிலேயே இருக்கும்போது கழுத்தை ஏன் கண்டவர் கையில் கொடுக்க வேண்டும்?

மாநகராட்சி, சலூன்களிலும் மசாஜ் நிலையங்களிலும் "கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கக் கூடாது" என்று பலகை வைக்கச் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு இணைப்பில், தொடக் கூடாத இடங்களையும் இதேபோல் படம் போட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அயனாவரம், சென்னை-23